உஸ்ஸ்...

மொட்டை மாடி டாங்க் காலியாகி மறுபடி நிரம்பினால், 'ஏர் லாக்' ஆகிக் குழாய் வெறுமனே இருமும் அல்லவா? அதே வியாதி இங்கிலாந்தில் ரேடியேட்டருக்கும் வரும் என்பதை, மகள் வீட்டில் ஒரு ஜனவரி ராத்திரி கற்றுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். வீட்டுக்குள் ஒரு கேஸ் பாய்லர். அதில் சுட்ட தண்ணீர் குழாய்களில் ஓடி, அறைக்கு அறை சுவரில் மாட்டிய ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்புகிறது. நடுவில் காற்று சிக்கினால் அது ரேடியேட்டரின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே சுடுதண்ணீர் ஏறாது. என் அறையில் கீழே கொதித்தது, மேலே ஐஸ். கூடவே 'களக் களக்' சத்தம். இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லாயோடு படுத்தேன். மகளிடம் சொல்லவில்லை. கைக்குழந்தைக்காரி, ஏற்கெனவே அவளுக்குத் தூக்கம் கிடையாது.

காலையில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். எண்பது தாண்டியவர், தனி ஆள். சிரித்துக்கொண்டே ஒரு குட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

செய்முறை கேளுங்கள். முதலில் ஹீட்டிங்கை அணைத்து ஆறவிடணும். இல்லாவிட்டால் கை வெந்துவிடும். மேல் மூலையில் இருக்கும் திருகுக்குக் கீழே பழந்துணியைப் பிடித்து, சாவியால் இடஞ்சுழியாக மெல்ல அரைச் சுற்று. 'உஸ்ஸ்...' சீறல் அடங்கித் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். கடைசியில் பாய்லர் முள்ளைப் பாருங்கள். ஆறின நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருந்தால் சரி; குறைந்தால் தண்ணீர் ஏற்றணும். அடிக்கடி இப்படி ஆனால் உள்ளே இரும்பு அரிக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்போது சீறுவது ஹைட்ரஜனாகவும் இருக்கக்கூடும். தீக்குச்சி கிழித்துப் பரிசோதிக்காதீர்கள்!

அறை வெதுவெதுத்தது. வெற்றி வீரனாகச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாட்டி ஹாலில் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் எதற்குக் கோட்? பக்கத்தில் இருந்த ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். கீழே சூடு. மேலே ஐஸ்.

சாவி இருந்து என்ன? மூட்டுவாத விரல்களால் அதைத் திருக முடியாமல் இரண்டு குளிர்காலம் போய்விட்டதாம். யாரையும் கேட்கவில்லை. எதற்கு அடுத்தவருக்குத் தொந்தரவு என்றார்.

நானும்தான் மகளிடம் சொல்லவில்லை.

"ஹீட்டிங்கை அணைங்க. பழந்துணி ஏதாவது இருக்கா?" என்றேன்.