கழிமுக நீரும் ஒளிப்படச் சான்றும்

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் புன்னைக்காயலில், ஓதம் ஏறும்போது கடல்நீர் ஆற்றுக்குள் புகுவதாலும், இறங்கும்போது அலையாத்திக் காட்டுச் சேற்றைச் சுமந்துகொண்டு ஆற்றுநீர் வெளியேறுவதாலும், நீரின் நிறம் ஒரே நாளில் பலமுறை மாறுகிறது. ஆகவே, எந்த ஓதத்தில் எடுத்தது என்ற குறிப்பில்லாத நீர்மாதிரிப் படம் எதையும் நிறுவாது. ஆய்வாளரல்லாத பொதுமக்கள் ஒரே முறையைப் பின்பற்றித் தரவு திரட்டுவதே குடிமக்கள் அறிவியல் எனப்படுகிறது. அதற்கு இக்கழிமுகம் கடினமான களம்.

படமெடுக்கும் முறை எளியதுதான். கை பழக வேண்டும். நிறமற்ற புட்டியை அதே நீரில் இருமுறை அலசி, வள்ளத்தின் அசைவால் சேறு கிளம்பாத பக்கத்தில் முகந்து, வெளிப்புற ஈரத்தைத் துடைத்து, பின்னால் வெள்ளை அட்டையை நிறுத்தி, நேர்வெயில் படாத இடத்தில் பிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். புட்டியை ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்திய கையோடு எடுக்காவிட்டால் வண்டல் அடியில் படிந்து, கலங்கல் நீரும் தெளிநீராகத் தோன்றும். செல்பேசிக் கேமரா நிறத்தைத் தானாகவே திருத்திக்கொள்ளும் இயல்புடையது; மெய்யான வெள்ளை எது என்பதைப் பின்னர் கணிப்பவருக்குக் காட்டுவது அந்த அட்டைதான். இடம், நாள், மணி, ஓதம் எழுதிய சீட்டும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865இல் வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை நீர்த்தெளிவின் அளவாகக் கொண்டார். முப்பரிமாண அச்சில் வார்த்த சிறு செக்கித் தட்டுகளைக் கொண்டு கேரளத்து வேம்பநாட்டு ஏரியில் பொதுமக்கள் எடுத்த அளவீடுகள் 2021இல் ஆய்விதழில் வெளியாயின. புன்னைக்காயலிலும் புட்டிப் படத்தோடு இத்தட்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது. தெளிவு எவ்வளவு ஆழம் வரை எட்டுகிறது என்பதைப் புட்டி காட்டாது.

இவ்வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் படியும் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் நடந்த முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுவிட்டது. எனினும், சங்கு குளிப்போர் நீரின் தெளிவைப் பார்த்தே இன்றும் மூழ்குகின்றனர். அவர்கள் கண்ணளவில் சொல்லும் கணிப்பைப் படத்தின் பக்கத்தில் எழுதிவைக்காத தொகுப்பு, கைக்கெட்டிய அறிவை வீணாக்குவதாகும்.

படத்தால் அறிய முடியாதவையும் உண்டு. நீரில் கரைந்த உலோகமும் உயிர்வளிக் குறைவும் கண்ணுக்குத் தெரியா. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவின் மண்டபம் பகுதியில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானபோது மீன்கள் செத்தொதுங்கின. நிறத்தைப் படம் காட்டும், காரணத்தை ஆய்வகமே சொல்ல முடியும். அத்தகைய நாளில் படத்தை அனுப்பிவிட்டு நீரைக் கொட்டிவிடாமல், புட்டியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற ஆய்வு வசதியுள்ள இடத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.