ரம்பத்துக்கு ஒரு பங்கு!

நீங்களே ஸ்டூல் செய்யப் போறீங்களா? வாழ்த்துகள் பாஸ்!

6 அடி ரீப்பர் கட்டையை நாலா அறுத்தா, ஒவ்வொரு காலும் ஒன்றரை அடி. கணக்கு வாத்தியாருக்கு ஓகே. ரம்பத்துக்கு? தூளா உதிருதே, அதுவும் உங்க கட்டைதான்! ஒரு அறுப்புக்கு 2 மி.மீ.னு வெச்சாலும், 3 அறுப்புக்கு 6 மி.மீ. அவுட். கடைசிக் கால் குட்டை. ஸ்டூல் டான்ஸ் ஆடும். சரிக்கட்ட மத்த மூணையும் செதுக்குவீங்க... ஸ்டூல் மணையா மாறுற வரைக்கும்!

கார்பென்டர் அண்ணன் வேலை செய்யறப்ப கவனிங்க. கோட்டு மேலயே ரம்பத்தை வைக்க மாட்டார். கோட்டை மிச்சம் வெச்சு, வேஸ்ட் பக்கமா அறுப்பார். அதுக்காகவே கட்டையும் கொஞ்சம் கூடுதலா கேட்பார்.

"6 அடி போதுமே, எதுக்கு ஆறரை?"னு உங்க அப்பா அவரைச் சந்தேகமா பார்த்தா, நீங்க எடுத்துச் சொல்லுங்க: "அது அவருக்கு இல்லப்பா, ரம்பத்துக்கு!"