மூண்டாவது மிஸ் பண்ணுது

இப்போது காரைக் கராஜுக்குக் கொண்டுபோனால் பொனற்றைத் திறக்க முன்னமே ஸ்கானரை எடுத்துவிடுகிறார்கள். ஸ்ரியறிங்குக்குக் கீழே, முழங்கால் முட்டுகிற இடத்தில் இருக்கும் 16 பின் சொக்கற்றில் பெடியன் அதைக் கொழுவுகிறான். பி0303 என்று குறி விழுகிறது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்.

90களின் தொடக்கத்தில் எங்கள் ஊர்க் கராஜ் பாஸ் இதைக் காதால் பிடிப்பார். ஏ40 ஒஸ்ரின் ஒழுங்கையில் திரும்பும்போதே தலையைச் சரித்துக் கேட்பார். "அண்ணை, ஒண்டு மிஸ் பண்ணுது." பிறகு இஞ்சினை ஓடவிட்டு, பிடியில் சைக்கிள் ரியூப் சுற்றிய குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கழற்றியதும் சத்தம் இடறினால் அது நல்ல சிலிண்டர். ஒரு மாற்றமும் இல்லையென்றால் கள்ளன் அவன்தான். பிளக்கைத் துடைக்காமல் வெயிலில் பிடிப்பார். மண்ணிறம் என்றால் சுகம், வெளிறியிருந்தால் காற்றுக் கூட, கறுப்பென்றால் கரி. அந்த நாட்களில் எல்லாப் பிளக்கும் கறுப்புத்தான்.

கார்கள் ஓடியது மண்ணெண்ணெயில் அல்லவா. 1990 யூனில் மீண்டும் சண்டை மூண்டு, பொருளாதாரத் தடையில் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு எட்டாப் பொருளாயிற்று. குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை ஒழுங்கையை மூடும். கலியாண வீட்டில் பட்டுச் சேலையும் மண்ணெண்ணெய் மணக்கும். எரியாமல் மிஞ்சியது கீழே இறங்கி இஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அளவுக் கம்பியை முகர்ந்தே பாஸ் சொல்லிவிடுவார். அமுக்கம் குறைந்த பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் இதையெல்லாம் தாங்கின.

அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு, ஸ்கானர் வாசிக்கும் இன்றைய குறிமுறை கட்டாயமானது 1996 மாடலிலிருந்து. சண்டையால் இடம்பெயர்ந்திருந்த நாங்கள் தென்மராட்சியிலிருந்து வலிகாமத்துக்குத் திரும்பியதும் அதே வருஷம். பாஸின் கராஜில் அப்போது கூரையே இல்லை. இன்று பாஸும் இல்லை.

கார்க் கணினியும் அவர் செய்ததைத்தான் செய்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் கிராங்க் அந்தக் கணத்தில் சற்றுத் தளரும். சென்சர் அதை அளக்கிறது. ஸ்கானரோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் அது இடத்தைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பிளக்கா, கொயிலா, இன்ஜெக்ரரா? கெட்டிக்காரப் பெடியன் மூன்றாவது கொயிலை முதலாவதில் மாற்றிக் கொழுவி ஓடவிடுவான். பி0301 என்று வந்தால் கொயில் போயிற்று. வயர் கழற்றிய வித்தையின் பேரப்பிள்ளை இது.

மற்றவர்கள் பி0171 என்றதும் ஒட்சிசன் சென்சருக்கு விலை சொல்கிறார்கள். அந்தக் குறிக்கு அர்த்தம் எரிபொருளுக்குக் காற்று மிஞ்சிவிட்டது என்பது மட்டுமே. வெடித்த வக்கியூம் ரியூப் ஒன்று உள்ளே சீறிக்கொண்டிருக்கலாம். அதைக் கேட்க இஞ்சினை ஓடவிட்டுக் கிட்ட நிற்கவேண்டும். அந்தப் பொறுமைதான் காணாமற் போனது.

இஞ்சின் லைற் எரிந்து கராஜுக்குப் போனால், குறியை அழிக்க முதல் அதை எழுதி வாங்குங்கோ. பழுது பதிவான நேரத்து வேகம், இஞ்சின் சூடு எல்லாம் கூடவே கிடக்கும். குறியை அழித்தால் அவையும் போய்விடும். சாமான் வாங்குவது அதுக்குப் பிறகு.