முகத்தை மறைத்து அனுப்பு

டொரொன்டோ

அன்புள்ள தம்பி,

ஜனவரி 2 வந்தால் இங்கே எங்கள் ஆட்களின் முகநூலெல்லாம் திருகோணமலைக் கடற்கரைதான். 2006இல் காந்தி சிலையடியில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் படங்களை நானும் போடுகிறேன். போடத்தான் வேண்டும்.

நீ அப்போது சின்னப் பிள்ளை. பெடியள் தாங்களே கொண்டுவந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று படைத்தரப்புச் சொன்னது. ‘சுடர் ஒளி’ நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிரேத அறைக்குள் போய்ப் படம் எடுத்தார். சூட்டுக் காயங்கள் அதில் தெளிவாகத் தெரிந்தன. படம் வெளிவந்தபிறகு குண்டுக் கதை எடுபடவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி காலை, திருமலை நகரிலேயே சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கில் கைதான விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று விடுதலையானார்கள். சாட்சி சொல்லக்கூடியவர்கள் பயந்து நாட்டைவிட்டே போயிருந்தார்கள்.

அந்தப் படத்தைப் பகிர்ந்த எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை, தம்பி. எனக்கு உறுத்துவது அதுதான்.

2024 மே மாதம் சம்பூர்ப் பக்கம் போரில் செத்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த பெண்களை இரவில் பொலிசார் இழுத்துப்போன காணொளி, கடகடவென்று எங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்தது. அது வராமல் போயிருந்தால் அந்தக் கைது ஊருக்குள்ளேயே அமுங்கியிருக்கும். ஆனால் இங்கே ஒவ்வொருவரும் தங்கள் கட்சிச் சுலோகத்தையும் சேர்த்துத்தான் இப்படியானவற்றை அனுப்புகிறார்கள். சுலோகம் எழுதுகிறவருக்கு இங்கே ஒன்றும் நடக்காது. படத்தில் இருப்பவரின் வீட்டுக்கு அங்கே ஆள் வரும். முகநூலில் நினைவுப் படம் போட்டதற்காகக் கிழக்கில் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். 2024 பெப்ரவரியிலிருந்து, இணையத்தில் போடுவதற்கே வழக்குப் போடக்கூடிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது.

இதற்காக வாயை மூடு என்று நான் சொல்லமாட்டேன். எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அங்கே இருக்கிற நீங்கள் தீர்மானியுங்கள். படம் அனுப்பும்போது ஆருடைய முகத்தை மறைக்க வேண்டும், எந்த வீட்டு வாசல் தெரியக்கூடாது என்று எழுது. வேண்டாம் என்றால் போடமாட்டேன். போட்டதை எடு என்றால் உடனே எடுப்பேன். எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுவதும் அவரை நேரில் போய்க் கேட்பதும் என் பொறுப்பு. அதற்கு என் பெயரும் முகமும் போதும்.

அன்புடன்,
அண்ணன்