சிங்கம் திரும்பி வந்த ஊர்

பாஸ்டன் என்றாலே எனக்கு அந்தச் சிங்கம்தான் ஞாபகம் வருகிறது. 1713-ல் கட்டிய பழைய அரசு மாளிகையின் முகட்டில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை. இரண்டும் பிரிட்டிஷ் ராஜாவின் சின்னங்கள். 1776 ஜூலை 18 அன்று அதற்குக் கீழிருக்கும் மாடத்தில் நின்று சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார்கள். அன்று மாலையே இரண்டையும் இறக்கித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகு, 1882-ல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது, நகல் செய்து மறுபடி மேலே ஏற்றிவிட்டார்கள்! கட்டடத்தின் காலடியில் இப்போது சுரங்க ரயில் நிலையம்.

அந்த ஊரில் வழி கேட்க வேண்டியதில்லை. நடைபாதையில் பதித்த செங்கல் கோடு, பழைய இடங்களைத் தொட்டபடி இரண்டரை மைல் கூட்டிப்போகும். கிரானரி கல்லறைத் தோட்டத்தில் நான் நேரம் போவது தெரியாமல் நின்றேன். விடுதலைப் போராட்டத்தில் பேர்பெற்ற சாமுவேல் ஆடம்ஸ், பால் ரெவியர் எல்லாரும் அங்கேதான். ஆனால் கண்ணை இழுத்தவை பெயர் தெரியாதவர்களின் கருஞ்சாம்பல் பலகைக் கற்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் சிறகு முளைத்த மண்டையோடு. பல்வரிசையைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறான் கல்தச்சன்.

ஃபேனல் ஹால் வாசலில் கொஞ்சம் கசந்தது. 'சுதந்திரத்தின் தொட்டில்' என்று கொண்டாடுகிறார்கள். கட்டிக்கொடுத்த பீட்டர் ஃபேனல் அடிமை வியாபாரத்திலும் காசு பார்த்தவர். வியாபாரிகளின் ஊர் அது. பிரெடரிக் டியூடர் என்று ஒருவர், பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றினார். 1833-ல் 180 டன் கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதம் வெயிலும் கடலும் தின்றது போக 100 டன் கரை சேர்ந்தது. அடுத்து மெட்ராஸ். மெரினாவில் அவர் சரக்கை வைத்திருந்த கட்டடத்தில்தான் 1897-ல் விவேகானந்தர் தங்கினார். பனிக்கட்டி போய் எத்தனையோ காலம். திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் இடம் சொல்கிறார்கள்.

மறுபடி சிங்கத்திடமே வருகிறேன். எரித்ததை நகலெடுத்த அதே ஊர், கவிழ்த்ததையும் விடவில்லை. 1773 டிசம்பர் 16 இரவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்தில் கொட்டினார்களே, அதற்கும் நகல் கப்பல் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கினால் நாமும் ஆவேசமாக ஒரு பெட்டியைத் தண்ணீரில் வீசலாம். பெட்டியில் கயிறு கட்டியிருக்கும். இழுத்து, அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.