கறளின் சத்தம்

திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பிடியால் என் காரின் அடிவயிற்றைத் தட்டிக்கொண்டே நடந்தார் அண்ணை. கார் எங்கள் தலைக்குமேலே லிஃப்டில் தொங்கியது. டங், டங், டங். சாரதி பக்கத்துக் கதவுகளுக்குக் கீழே, பின்சில்லுக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் சத்தம் மாறியது. டப்.

"கேட்டீரோ?"

கேட்டது. சந்தையில் தேங்காயைத் தட்டி வாங்கிப் பழகிய காதுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அண்ணை திருப்புளியைத் திருப்பி, கூர்முனையை அந்த இடத்தில் வைத்துச் சும்மா அழுத்தினார். அப்பளத்துக்குள் விரல் போவதுபோல் உள்ளே போனது. பழுப்பு நிறச் செதில்கள் என் சப்பாத்தின்மேல் உதிர்ந்தன. வெளியே பார்த்தால் அந்த இடத்தில் பெயின்ற் பளபளவென்றுதான் இருந்தது. போன கிழமைகூட நான் அதைக் கழுவித் துடைத்திருந்தேன்.

துருவை யாழ்ப்பாணத்தில் கறள் என்போம். நோர்வேயில் பழைய வாகனம் வைத்திருக்கிறவனுக்கு எஞ்சின், கியர், பற்றரி எல்லாம் பிறகு. முதற்கவலை கறள்.

அண்ணையின் கராஜ் ஒஸ்லோவின் வடகிழக்கில், அல்னாபுருவில் இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய சரக்கு முனையம் அங்கேதான். ரயிலில் வந்திறங்கும் கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு லொறிகள் இரவுபகலாக உறுமும். அதன் ஓரங்களில் வெளியே தெரியாத சிறிய கராஜுகள் வரிசையாக உண்டு. எங்கள் ஆட்கள் நெருக்கமாக வாழும் ரொம்மன், ஸ்டொவ்னர், ஃபூருசெத் எல்லாம் அல்னாபுரு கிடக்கும் அதே பள்ளத்தாக்கில்தான். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ரொம்மனில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தில் இறக்கிவிட்டு, வகுப்பு முடிவதற்குள் ஓயில் மாற்றிக்கொண்டு போகிற தகப்பன்மாரை இங்கே பார்க்கலாம்.

நான் போனது ஒக்டோபர் கடைசியில். அந்தக் கராஜில் ஆண்டின் மிக மோசமான வாரம் அது. ஆணி பதித்த குளிர்கால ரயர்கள் நவம்பர் முதலாம் திகதியிலிருந்து அனுமதி. முதற்பனி எப்போது விழும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே முழு நகரமும் ஒரே நேரத்தில் ரயர் மாற்ற வரும். கழற்றிய கோடைகால ரயர்களை வீட்டில் வைக்க இடமில்லாதவர்கள் கராஜிலேயே காசுகட்டி வைத்துவிட்டுப் போவார்கள். இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரயர் ஹோட்டல்'. முதன்முதல் கேட்டபோது சிரித்தேன். பிறகு என் ரயர்களும் ஆறு மாதம் ஹோட்டலில் தங்க, நான் வாடகை கட்டினேன்.

எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு பையன் ரயர் மாற்றுகிறான். லித்துவேனியாக்காரர் ஒருவர் வெல்டிங். அண்ணை எல்லாவற்றையும் பார்ப்பார். மூவரும் பேசிக்கொள்வது நோர்வேஜிய மொழி, மூன்று விதமான உச்சரிப்பில். அவசரத்துக்கு மட்டும் அவரவர் மொழி வாயில் வரும். ஸ்பானர் காலில் விழுந்தால் யார் எந்த மொழி என்பது தெரிந்துவிடும்.

என் கையில் ஒரு தாள் இருந்தது. இங்கே கார் பதிந்து நான்காவது ஆண்டிலும், அதன்பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் சோதனைக்குப் போகவேண்டும். 'ஈயூ கொன்ட்ரோல்' என்று தமிழிலேயே சொல்லிவிடுவோம். குறைகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுவார்கள். 1 என்றால் கவனித்துக்கொள். 2 என்றால் திருத்தி மறுபடி காட்டு. 3 என்றால் அந்த இடத்திலிருந்து ஓட்டவே கூடாது. தவணைக்குள் காட்டாவிட்டால் இலக்கத்தகட்டையே கழற்றிவிடுவார்கள். என் தாளில் நான்கு 2 இருந்தன. அதே தாளோடு முதலில் ஒரு பெரிய கராஜுக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். அவர்கள் தந்த மதிப்பீடு காரின் விலையைப்போல் இரண்டு மடங்கு. சொன்ன பெண், மரணச் செய்தி சொல்பவரின் குரலில் சொன்னார்.

"உப்புத்தான் தம்பி," என்றார் அண்ணை. பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். தண்ணீர் உறையும் வெப்பநிலையை உப்பு கீழே இறக்குவதால், மைனஸ் ஐந்து ஆறிலும் வீதி ஈரமாகவே இருக்கும்; வாகனம் வழுக்காது. அந்த உப்பு நீர் சில்லுகளால் வாரியடிக்கப்பட்டு அடிப்பாகத்தின் எல்லாப் பொந்துகளிலும் புகும். கதவுக்குக் கீழே ஓடும் பகுதி பார்வைக்கு ஒரு கட்டை மாதிரி இருந்தாலும், உள்ளே தகடுகளைச் சேர்த்து மடித்த வெறும் குழாய். நீர் வடிய அடியில் சிறு துளைகள் இருக்கும். அவற்றை மண் அடைத்துக்கொண்டால் உப்புநீர் உள்ளேயே குந்தியிருந்து, உள்ளிருந்து வெளியே தின்னும். கடைசியாகத்தான் பெயின்ற் கொப்பளிக்கும். அதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

1956 இல் இந்த நாட்டிலேயே, தெலமார்க்கின் லுண்டே என்ற ஊரில், 'ட்ரோல்' என்று ஒரு கார் செய்தார்கள். உடல் முழுக்கக் கண்ணாடியிழை. அந்த உடலில் கறள் பிடிக்க வழியே இல்லை. ஐந்து கார்களோடு நின்றுபோனது. அந்தக் காலத்தில் நோர்வேயில் கார் வாங்கவே அரசிடம் அனுமதி பெறவேண்டும். போருக்குப் பிந்திய அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டுக் கட்டுப்பாடு அது. 1960 ஒக்டோபரில்தான் நீங்கியது. அனுமதிக்குக் காத்திருந்து கார் வாங்கிய ஒரு தலைமுறை, அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்து பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. ஒஸ்லோவுக்கு மேலே எக்கெபெர்க் வெளியில் கூடும் பழைய வாகன உதிரிப்பாகச் சந்தையில் சுற்றிப் பாருங்கள். கோடீஸ்வர நாட்டின் முதியவர்கள் முழங்காலில் இருந்து பழைய கார்புரேட்டர்களைக் கிளறிக்கொண்டிருப்பார்கள்.

அண்ணை தட்டிப் பார்த்ததற்கு மறுநாள் என் காரில் வேலை தொடங்கியது. நான் லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றினார்கள். பிறகு சீற், தரைவிரிப்பு. உள்ளே மெழுகும் நுரைப்பஞ்சும் இருப்பதால் வெல்டிங் பொறியில் தீப்பிடிக்கும். ஒருவர் வெட்ட, மற்றவர் ஈரத்துணியோடும் தீயணைப்பானோடும் மறுபக்கம் இருக்கவேண்டும். அன்று அந்த வேலையை எனக்குத் தந்தார்கள். ஒரு எழுத்தாளனால் கராஜில் செய்யக்கூடிய ஒரே உருப்படியான வேலை அதுதான் என்று அண்ணை நினைத்திருக்கலாம்.

லித்துவேனியர் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனார். உள்ளங்கையளவு என்று நான் நினைத்திருந்த ஓட்டை முழங்கையளவு ஆனது. "மேலே ஒரு தகட்டை ஒட்டி மூடினால் என்ன?" என்று கேட்டேன். அவர் முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். அண்ணைதான் பதில் சொன்னார்: "புண்ணுக்குமேல பிளாஸ்டர் ஒட்டின மாதிரி. சோதிக்கிறவனும் தட்டித்தான் பாப்பான்."

லித்துவேனியர் கோப்பிப் பெட்டியின் அட்டையைக் கத்தரித்து அச்சு எடுத்தார். அந்த அச்சில் நாகம் பூசிய தகட்டை வெட்டி மடித்தார். ஒட்டுகிற ஓரங்களில் நாகப் பூச்சைச் சுரண்டினார். நாகம் எரியும் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சல் அடிக்கும். பிறகு ஒரே இழுப்பாக ஒட்டாமல், இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டாக வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைத்தார். அவசரப்பட்டால் தகடு வளையும். நான்கு மணிநேரம் அந்த ஒரு பக்கத்துக்கே போனது. முடிவில் உள்ளே ஒரு நீண்ட குழாயை விட்டு மெழுகெண்ணெய் பீச்சினார்கள்.

இந்த நான்கு மணிநேரத்தில்தான் பழைய கார்களின் விதி இருக்கிறது. இரும்பு மலிவு. கூலி இங்கே மணிக்கு ஆயிரம் குரோனருக்கு மேல். காரை உடைக்கக் கொடுத்தால் அரசு 3000 குரோனர் தருகிறது. 1978 இலிருந்து இருக்கிற ஏற்பாடு, கார்கள் காட்டோரம் கிடந்து மக்காமல் இருப்பதற்காக. கணக்குத் தெரிந்தவன் உடைக்கக் கொடுப்பான். கணக்குத் தெரிந்தும் கொடுக்காதவர்களை நம்பித்தான் அண்ணையின் கராஜ் ஓடுகிறது.

அண்ணை தொழில் பழகியது இதற்கு நேர்மாறான ஓரிடத்தில். யாழ்ப்பாணத்தில் நேரம் இருந்தது, வேறொன்றும் இருக்கவில்லை. 1990 க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. ஒஸ்டின் கேம்பிறிச், மொறிஸ் மைனர் கார்களைச் சொட்டுப் பெற்றோல் காட்டி உசுப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பின்னால் வந்த புகையை நாங்கள் எல்லோரும் குடித்திருக்கிறோம். "அங்க ஒரு காரையும் நாங்கள் எறியேல்லை," என்றார். "எறிய ஏலாது. அடுத்தது வராது." 93 இல் நோர்வேக்கு வந்து, வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்று, அங்கே பழைய கார் ஒன்றை வாங்கி, இரண்டாயிரம் கிலோமீற்றர் அதில் ஓடி ஒஸ்லோ வந்தவர். வழியில் சுவீடனில் ஃபேன் பெல்ற் அறுந்த கதையை மூன்று தரம் கேட்டிருக்கிறேன். மூன்று தரமும் இடம் வேறுவேறு.

என் கார் 2007 ஆம் ஆண்டு டீசல். அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் அரசு புதிய கார் வரியைக் கரியமில வாயுவின் அளவோடு கட்டியது. டீசல் குறைவாகக் குடிக்கும், ஆகவே வரி குறைவு. நாடே டீசலுக்குத் திரும்பியது. 2011 இல் விற்ற புதிய கார்களில் நான்கில் மூன்று டீசல். பிறகுதான் நைதரசன் ஒக்சைட்டின் நினைவு வந்தது. காற்று அசையாத குளிர்நாட்களில் ஒஸ்லோவின் குழிக்குள் புகை மூடிபோட்டதுபோல் நிற்கும். 2017 ஜனவரி 17 ஆம் திகதி, காலை ஆறிலிருந்து இரவு பத்துவரை, நகரசபை வீதிகளில் டீசல் கார்களுக்குத் தடை. மீறினால் 1500 குரோனர். அன்று நான் மெத்ரோவில் வேலைக்குப் போனேன். அதே ஆண்டு ஒக்டோபரிலிருந்து சுங்கவளையத்தில் டீசலுக்குக் கூடுதல் கட்டணம். வாங்கச் சொன்னவர்களும் ஆள்பவர்கள்தான், வாங்கியதற்குத் தண்டம் அறவிடுபவர்களும் ஆள்பவர்கள்தான். குழந்தைகளின் நுரையீரலை நினைத்தால் என்னால் கோபப்படவும் முடியவில்லை.

2024 செப்டெம்பரில் நாட்டின் மின்கார்கள் எண்ணிக்கையில் பெற்றோல் கார்களை முந்தின. டீசல் அப்போதும் பத்து இலட்சத்தை ஒட்டி இருந்தது. அண்ணை அந்தப் பத்து இலட்சத்தைப் பார்த்துக் கவலைப்படுவது வேறு காரணத்துக்கு: பிள்ளையைப் பள்ளிக்கூடம், மனைவியைக் கடை என்று இரண்டு கிலோமீற்றர் ஓட்டத்துக்கே டீசலை வைத்திருக்கிறார்கள். புகைக்குழாயின் கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தமாக நல்ல சூடு வேண்டும்; இந்த ஓட்டத்தில் சூடு ஏறாது. "மருந்தே தேவையில்லை. கிழமைக்கொருக்கா தூரத்து ஹமார் பட்டணத்துக்குப் போட்டு வரச் சொல்லுவன். சனம் சிரிக்கும்."

கராஜின் மூலையில் ஒரு ஹையேஸ் வான், பச்சை இலக்கத்தகட்டோடு. சரக்கு வானுக்கு வரி குறைவு என்பதன் அடையாளம் அந்தப் பச்சை. ஊரில் இதன் அண்ணன்தம்பியைத்தான் டொல்பின் என்போம். அதற்குப் பக்கத்தில், இடத்துக்குப் பொருந்தாமல், தொண்ணூறுகளில் செய்த ஒரு கரவான். ஓய்வுபெற்ற நோர்வேஜியத் தம்பதியருடையது. கரவான்களுக்கு இரண்டாண்டுச் சோதனை இல்லை. ஆகவே அவை யாரும் தட்டிப் பார்க்காமலே உளுத்துப்போகின்றன.

வெளியே அலுமினியம், உள்ளே மரச்சட்டம். மூலைகளில் அலுமினிய விளிம்புக்குக் கீழே வைத்த பசை வயதாகிக் காய்ந்ததும் ஆணித்துளை வழியாக மழை இறங்கும்; பனிக்காலத்தில் உறைந்து விரிந்து வழியை இன்னும் அகட்டும். அண்ணை ஈரமானியின் இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்தினார். நடுச்சுவரில் 14 வீதம். படுக்கைக்குமேல் 19. பின்மூலையில் 38. விளிம்பைக் கழற்றியதும் மரம் ஈரச் சாக்கு மணத்தோடு விரலில் பிசைந்து வந்தது.

"ஏன் இதைத் திருத்துகிறார்கள்?" என்றேன். அதற்குள் கிழவரே வந்துவிட்டார். கைபேசியில் படம் காட்டினார். கடற்கரையோரம் நிரந்தர இடத்தில் கரவான். அதன் பக்கத்தில் அவர் கையாலேயே பலகை அடித்துக் கட்டிய அறை. இதை அவர்கள் 'ஸ்பிக்கர்டெல்ட்' என்கிறார்கள், ஆணிக் கூடாரம். உள்ளே திரைச்சீலை, சாய்வுநாற்காலி, பேரப்பிள்ளைகளின் உயரக் கோடுகள். அந்தக் கரவான் நகர்ந்தே பதினொரு ஆண்டு ஆகிறதாம். அதன்பிறகு, திருத்துவதற்காகத்தான் முதன்முதல் வீதிக்கு வந்தது. அண்ணை அவரிடம் கூலியைப் பாதியாகச் சொல்லி, மீதிப் பாதிக்கு அவரே வந்து பழைய பசையைச் சுரண்டவேண்டும் என்று ஒப்பந்தம் வைத்திருந்தார். கிழவர் தன் சொந்தச் சுரண்டியோடு வந்திருந்தார்.

மாலையில் என் பில் வந்தது. பன்னிரண்டு மணிநேரம், இரண்டு பக்கமும், பிறேக் குழாய்களும். வரியோடு ஒழுங்கான பில். தெரிந்தவர்தானே, கறுப்பில் செய்து குறைக்கலாமே என்று யாராவது கேட்டால் அண்ணை கதைக்கவே மாட்டார், வாசலைக் காட்டுவார். தொகை, காரின் விலைக்குச் சற்றுக் கீழே நின்றது.

"இரவில எங்க விடுறனீர்?"

"அடுக்குமாடிக்குக் கீழே, சூடேற்றிய பார்க்கிங்கில."

அவர் தலையில் கைவைத்தார். "வெளியில விடும். குளிரில உப்பு உறைஞ்சுபோய்ச் சும்மா கிடக்கும். சூட்டில உருகி வேலை பார்க்கும். நீர் காசு குடுத்துக் கறள் வளக்கிறீர்."

அன்றிரவு காரை வெளியே, மரத்தடியில் விட்டேன். எஞ்சின் சூடாக்கியின் வயரைக் கம்பத்தில் செருகிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுக்காரர் நாயோடு வந்தார். இரண்டு மாதத்துக்கு முன் மின்கார் வாங்கியவர். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, கீழே என் இடம் இனிச் சும்மா கிடக்குமென்றால் வாடகைக்குத் தருவீர்களா, சார்ஜர் பூட்டவேண்டும் என்று கேட்டார்.