பட்டியலின் முதற்பெயர்

2020 மார்ச் 22 மாலை, செவிலியரைப் பாராட்டி நாடே கைதட்டிற்று; நாமும் தட்டினோம். மூன்றாம் நாள் ஊரடங்கு. பொதட்டூர்பேட்டையில் தறியோசை அடங்கிற்று. நாம் வீட்டிற்குள் ஒடுங்கினோம்.

நம்மூரவரான தலைமைச் செவிலியர் ஒருவரோ, சென்னை மருத்துவமனையொன்றில் பணிப்பட்டியல் எழுத இயலாது இரவெல்லாம் விழித்திருந்தார். தொற்றுப் பிரிவுக்கு எவரை அனுப்புவது? ஒருத்திக்குக் கைக்குழந்தை, மற்றொருத்தியின் தாய்க்கு நீரிழிவு. கவச உடைகளோ எண்ணி வைத்தவை. அணிந்துவிட்டால் தண்ணீரும் அருந்தவியலாது. விடியலில் முதல் வரியில் தம் பெயரையே எழுதினார். அதன்பின் எவரும் மறுக்கவில்லை.

நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த இருநூறாம் ஆண்டென, உலக சுகாதார நிறுவனம் செவிலியருக்கு உரித்தாக்கிய ஆண்டும் அதுவே!

கைதட்டல் அன்றே ஓய்ந்தது. ஆள் பற்றாத இடங்களில் அத்தகைய பட்டியல் இன்றும் எழுதப்படுகிறது. செவிலியரை மதிப்பதென்றால், அதை எழுதும் கைக்குப் போதிய பெயர்களைத் தருவதன்றோ?